உங்கள் டிராக்டருக்கு எந்தப் பெட்டி?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் டிராக்டர் எடுத்தவர் அடுத்த வருஷத்துக்குள் பெட்டி எடுத்துவிடுவார். டிரெய்லர் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருந்தாலும் ஊர்ப் பேச்சில் அது பெட்டிதான். கரிசலில் மானாவாரி உழவு வருஷத்தில் சில வாரங்களோடு முடிந்துவிடும். புரட்டாசிப் பட்டத்துக்கு உழுது விதைத்துவிட்டால் கலப்பையைக் கழற்றிக் கொட்டகையில் போட வேண்டியதுதான். மீதி மாதங்களில் தவணைப் பணம் பெட்டியிலிருந்துதான் வந்தாக வேண்டும். தை, மாசியில் மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, பருத்தி. கோடையில் கண்மாய் வண்டல். இடையிடையே கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல விறகு, யார் வீட்டுக் கட்டுமானத்துக்காவது கல்லும் மணலும்.

இத்தனை வேலை பார்க்கும் பொருளை வாங்கும்போது பட்டறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்:

“அண்ணாச்சி, நம்ம வண்டி நாப்பத்தஞ்சு எச்.பி. எவ்வளவு இழுக்கும்?”

“எவ்வளவு ஏத்துனாலும் இழுக்கும் தம்பி. பெரிசாவே போட்டுருவோம்.”

அண்ணாச்சி சொன்னது பொய் கிடையாது. தார்ச்சாலையில் இழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்வியே அரைக் கேள்வி. இழுத்ததை நிறுத்த முடியுமா, மழை பெய்த மறுநாள் காட்டிலிருந்து அதை வெளியே கொண்டுவர முடியுமா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வி. அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள வீட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களும் முதலில் பார்ப்பது எஞ்சின் சக்தியை விட எடைக் கணக்கைத்தான்: இழுக்கிற வண்டியின் எடை, இழுபடுவதன் எடை, கொக்கியில் விழும் எடை. நமக்கும் அதே மூன்று எடைதான். அவர்கள் ஓட்டுவது நல்ல சாலையில். நாம் கரிசலில் ஓட்டுகிறோம் என்பதால் நமக்குக் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

முதலில் எடைமேடைக்குப் போங்கள்

பெட்டி பார்க்கப் போவதற்கு முன் டிராக்டரை மட்டும் ஓர் எடைமேடையில் ஏற்றுங்கள். முழு எடை ஒரு சீட்டு. பிறகு முன் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்க, பின் சக்கரம் மட்டும் மேடையில் இருக்க இன்னொரு சீட்டு. இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு டீக்கடைக் கணக்குக்கு மேல் போகாது. நம் பக்கம் ஓடும் 40 முதல் 50 எச்.பி. வரையிலான டிராக்டர்கள் பெரும்பாலும் 1.8 முதல் 2 டன்னுக்குள் நிற்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தில் இருக்கும். கணக்குக்காக 1,900 கிலோ டிராக்டர், பின்னால் 1,200, முன்னால் 700 என்று வைத்துக்கொள்வோம். இந்த இயல் முழுக்க இந்த டிராக்டரே ஓடும். உங்கள் சீட்டில் உள்ள எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் பூத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை தருவது அவர்கள் வேலை. இழுவிசை எவ்வளவு, பிரேக் எப்படி, கொக்கி எந்த உயரத்தில் என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும். உங்கள் மாடலுக்கான அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். விளம்பரத்தாளில் உள்ள எச்.பி.யைவிட இந்த அறிக்கையின் இரண்டு பக்கம் அதிகம் சொல்லும்.

ஏற்றும் பொருளின் எடை

நம் பக்கம் பரவலாக ஓடும் அளவு பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி உயரம். 120 கன அடி, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதில் மட்டமாக மக்காச்சோள மணி கொட்டினால் சுமார் 2.4 டன். உளுந்து என்றால் 2.7 டன்னுக்குப் பக்கம். பருத்தி அம்பாரமாக ஏற்றினாலும் ஒரு டன்னைத் தொடுவது கஷ்டம். அதே பெட்டியில் கண்மாயிலிருந்து அள்ளிய ஈர வண்டலை விளிம்பு மட்டம் நிரப்பினால் ஐந்தரை டன்னைத் தாண்டிவிடும். கூம்பாகக் குவித்தால் ஆறரையும் ஆகும். கண்ணுக்கு ஒரே பெட்டி, ஒரே நிரப்பு. எடையில் ஆறு மடங்கு வித்தியாசம்.

பெட்டி எடுக்கிறவர்கள் தானியத்தை மனதில் வைத்து அளவு சொல்கிறார்கள். பிறகு கோடை வந்ததும் அதே பெட்டியில் வண்டல் ஏற்றுகிறார்கள். பொக்லைன் ஓட்டுநருக்கு உங்கள் ஆக்சிலைப் பற்றி என்ன கவலை? அவர் வாளியால் அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். இதற்கு ஒரு சின்ன வழி: பெட்டியின் உட்புறம் நான்கு பக்கமும், தளத்திலிருந்து சரியாக ஓரடி உயரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஆறுக்குப் பத்துப் பெட்டியில் ஈர வண்டல் அந்தக் கோடு வரை வந்தால் ஏறத்தாழ மூன்று டன். மண், மணல், ஜல்லி எதுவானாலும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் எடைமேடை அது. (வண்டலுக்கு வட்டாட்சியர் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். அனுமதிச் சீட்டு வண்டியிலேயே இருக்கட்டும்.)

பருத்திக்கும் மக்காச்சோளத் தட்டைக்கும் பிரச்சினை வேறு. எடை கிடையாது, உயரம் உண்டு. பக்கப் பலகைக்கு மேல் கம்பு நட்டு, வலை கட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஏற்றிய வண்டி ஓடைச் சரிவில் ஒரு சக்கரம் இறங்கினால் போதும். தெருவில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் கூடவே இருக்கிறது. இப்படிப்பட்ட பாரத்துக்கு உயரமான பெட்டியைவிட, இரண்டு சக்கரத்துக்கும் இடையே அகலம் அதிகமுள்ள தாழ்வான பெட்டி நல்லது.

கரிசல் என்ன செய்யும்

கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண், ஐப்பசி மழையில் இரண்டு உழவு நனைந்தால் குழைந்துவிடும். ஈரத்தில் உப்பிப் பெருகுவதும் காய்ந்தால் சுருங்கிப் பிளப்பதும் அதில் உள்ள களிமண்ணின் குணம். டயருக்கு அதனால் இரண்டு கெடுதல். பின் டயரின் பட்டைகளுக்கு நடுவே மண் அப்பிக்கொண்டு டயர் மொழுக்கென்று ஆகிவிடும், பிடிப்பு போய்விடும். அதே நேரத்தில் பெட்டியின் டயர் உள்ளே அமுங்கி, இழுக்க வேண்டிய விசை பல மடங்காகிவிடும்.

தோராயக் கணக்கு ஒன்று. பெட்டியும் பாரமும் சேர்ந்து 5 டன் என்றால் தார்ச்சாலையில் சமதளத்தில் அதை உருட்ட 100 கிலோ விசையே தாராளம். காய்ந்த வண்டிப்பாதையில் 250, 300 வேண்டியிருக்கும். நனைந்த கரிசலில் 750இலிருந்து 1,000 வரை போகும். இந்தப் பக்கம் நம் டிராக்டரின் பின் சக்கரத்தில் இருப்பது 1,200 கிலோ. தாரில் அதில் 800 கிலோவுக்கு மேல் இழுவையாக மாறும். சேற்றில் கால் பங்கு மாறினாலே பெரிசு, அதாவது 300 கிலோ. தேவை 750, கையில் 300. எத்தனை எச்.பி. எஞ்சின் வைத்தாலும் சக்கரம் அதே இடத்தில் சுற்றிக் குழி பறிக்கும். அந்த நேரத்தில் இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்டுச் சங்கிலி கட்டி இழுப்பார்கள். சங்கிலி அறுந்தாலும், முன்பக்கம் தூக்கினாலும் உயிருக்கே ஆபத்து.

ஆகவே காட்டுக்குள்ளிருந்து பாரம் எடுப்பவருக்கு என் யோசனை இரட்டைச் சக்கரப் பெட்டி, அதாவது ஒரே ஆக்சில் உள்ளது. அதன் பாரத்தில் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின் சக்கரத்தில் விழும். அந்த எடை பிடிப்பாக மாறும். நாலு சக்கரப் பெட்டி தன் எடை முழுவதையும் தானே சுமந்துகொள்கிறது. டிராக்டருக்கு எதையும் கொடுப்பதில்லை. தார்ச்சாலையில் அது அழகாக ஓடும். களத்திலிருந்து கோவில்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ, சாத்தூர், விருதுநகர் மண்டிக்கோ நேர் சாலையில் போவதுதான் பெரும்பாலான நடை என்றால் நாலு சக்கரம் எடுக்கலாம். பின்னால் எடுத்து நிறுத்துவது மட்டும் அதில் தனி வித்தை. முன் ஆக்சிலின் டர்ன்டேபிள் ஒரு பக்கம் திரும்ப, பெட்டி இன்னொரு பக்கம் திரும்பும். பழகாத ஓட்டுநரை நம்பி அனுப்பாதீர்கள்.

எந்தப் பெட்டியானாலும் மழை விட்ட மறுநாள் காட்டுக்குள் ஏற்ற வேண்டாம். பெட்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவதற்கு ஆகும் கூலி, மாட்டிக்கொண்ட வண்டியை மீட்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

கொக்கியில் விழும் எடை

இரட்டைச் சக்கரப் பெட்டி கொக்கியில் எடை கொடுக்கிறது என்றேன். அளவு மீறினால் அதுவே வினை. கொக்கி பின் ஆக்சிலுக்கு இரண்டடி பின்னால் இருக்கிறது. அங்கே 800 கிலோ விழுந்தால் டிராக்டர் துலாக்கோல்போல் வேலை செய்து முன் சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோவைப் பறித்துக்கொள்ளும். 700 இருந்த இடத்தில் 450. மேட்டில் இழுக்கும்போது இன்னும் குறையும். ஸ்டீயரிங் பஞ்சுபோல் லேசாக இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால் அது பாராட்டில்லை. முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கிறது என்று அர்த்தம். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது நம் கணக்கில் 380 கிலோவாவது, எப்போதும் முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். குறைந்தால் முன்னால் இரும்பு எடைக்கட்டிகளை மாட்டுங்கள்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மூட்டையை முன்னால் குவித்தால் கொக்கி நொறுங்கும். பின்னால் குவித்தால் இன்னும் மோசம்: பெட்டி பின்பக்கம் சாய்ந்து டிராக்டரின் பின்புறத்தையே மேலே தூக்கப் பார்க்கும். அப்போது பின் சக்கரத்துக்குப் பிடிப்பும் இருக்காது, பிரேக்கும் இருக்காது. ஆக்சிலுக்கு நேர் மேலே தொடங்கி, சற்றே முன்பக்கம் கனமாக ஏற்றுவதுதான் முறை.

கொக்கியின் உயரத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். பெட்டி தாழ்வாக இருக்கிறது, ஏர்க்காலைக் கொஞ்சம் மேலே மாட்டினால் மட்டமாக வரும் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். இழுக்கும் புள்ளி பின் ஆக்சிலின் மையத்துக்கு மேலே போனால், பாரம் அசையாமல் அடம்பிடிக்கும் நொடியில் டிராக்டர் பின்னங்காலில் எழுந்து ஓட்டுநர் மேலேயே கவிழும். எண்ணி முடிக்கும் முன் நடந்துவிடும். கலப்பையின் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பதும் இதே தப்புதான். பெட்டியின் கண் டிராக்டரின் கொக்கி உயரத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அந்தப் பெட்டி உங்களுக்கு இல்லை. வேறு பாருங்கள்.

கொக்கியில் செருகும் பின் பற்றி ஒரு வார்த்தை. கம்பியை வளைத்துச் செருகியோ, போல்ட்டைப் போட்டோ ஓட்டுகிறவர்கள் நிறைய. உரிய பருமனில் கடினப்படுத்திய பின், அதன் அடியில் பூட்டுக் கம்பி, கூடவே ஏர்க்காலையும் டிராக்டரையும் இணைக்கும் தனிச் சங்கிலி. மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நிற்குமா?

இந்த இயலில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும். நம் பக்கம் ஓடும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. ஆக, முழு வண்டியையும் நிறுத்த வேண்டியது அந்த 1,200 கிலோவைச் சுமந்து நிற்கும் இரண்டு டயர்தான். காய்ந்த தாரில் அவை கொடுக்கும் தடுப்பு விசை சுமார் 720 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் டிராக்டர் மட்டும் போகிறது. பிரேக்கை மிதித்ததிலிருந்து ஆறேழு மீட்டரில் நின்றுவிடும். பின்னால் 5 டன் சேர்ந்தால் அதே பிரேக், அதே வேகம், 24 மீட்டர். பாரத்தைக் கூட்டி பெட்டியோடு 8 டன் ஆக்கினால் 34 மீட்டர். வேகம் 30 ஆனால் 5 டன்னுக்கே 34 மீட்டர் வந்துவிடும். ஆபத்தைப் பார்த்து, கால் பெடலுக்குப் போக ஆகும் ஒரு நொடியில் வண்டி ஓடும் ஏழெட்டு மீட்டரை இதில் சேர்க்கவில்லை. டயர் தேய்ந்திருந்தாலோ, சாலை நனைந்திருந்தாலோ, இறக்கமாக இருந்தாலோ எல்லாமே கூடும்.

அதே வண்டி இழுக்கும்போது எப்படி இருக்கிறது பாருங்கள். டிராக்டரும் பெட்டியும் சேர்ந்து 7 டன், இருபதுக்கு ஒன்று ஏற்றம், 20 கிலோமீட்டர் வேகம். இதற்கு வேண்டியது சுமார் 36 எச்.பி. நாற்பத்தைந்து எச்.பி. வண்டி முனகாமல் ஏறிவிடும். ஓட்டுநரும் முதலாளியும் பார்ப்பது அந்த ஏற்றத்தைத்தான். அதனால்தான் “இன்னும் ஒரு டன் தாங்கும்” என்ற துணிச்சல் வருகிறது.

ஜான் டியர் கையேடுகளில் இதற்கு ஓர் அளவு இருக்கிறது. பிரேக் இல்லாத எதையும் 32 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அதன் முழு எடை ஒன்றரை டன்னுக்குள்ளும், டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்குக்குள்ளும் இருக்க வேண்டும். பிரேக் உள்ளதானால் 40 கிலோமீட்டர் வேகம் வரை நாலரை மடங்குக்குள். இதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால் நம் தாலுகாவில் முக்கால்வாசிப் பெட்டிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். காலிப் பெட்டியே ஒரு டன்னுக்கு முன்பின் இருக்கிறதே. இருந்தாலும் அளவு அளவுதான். நான் சொல்வது: பிரேக் வைத்த பெட்டியாகப் பார்த்து எடுங்கள், பாரத்தோடு சேர்த்து டிராக்டர் எடையில் மூன்று மடங்குக்கு மேல் போகாதீர்கள். நம் 1,900 கிலோ டிராக்டருக்கு அது 5.7 டன். பெட்டியின் எடை 1.2 டன் போக நாலரை டன் பாரம். இதற்கு மேல் யாருக்கு வேண்டும்? பிரேக் இல்லாத பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஓரடிக் கோட்டை அரையடியாக இறக்கிக்கொண்டு, வேகத்தை 15க்குள் வையுங்கள்.

பிரேக்கில் வகை உண்டு. டிராக்டரின் பிரேக்கோடு சேர்ந்து வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக், காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக், பெட்டி முன்னால் தள்ளும்போது ஏர்க்கால் உள்வாங்கித் தானே பிடிக்கும் வகை. உங்கள் டிராக்டரில் டிரெய்லர் பிரேக்குக்கு வழி இருக்கிறதா என்று முதலில் டீலரிடம் கேட்டுவிட்டுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். பெட்டி செய்து முடித்தபின் பொருத்துவது இரட்டிப்பு வேலை. நிறுத்திவைக்கும்போது மட்டும் பிடிக்கும் கை பிரேக்கைக் காட்டி “பிரேக் இருக்கு” என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஓட்டுநருக்கு மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். உழவில் ஒரு பக்கம் திரும்ப உதவும் இரண்டு பிரேக் பெடல்களையும் சாலைக்கு வரும் முன் கொண்டி போட்டு ஒன்றாக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து, பின்னால் வரும் பாரம் டிராக்டரை மடக்கிவிடும். இரண்டாவது, இறக்கத்தில் நியூட்ரலோ கிளட்ச்சோ கூடாது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்ற வேண்டும். மூன்றாவது, டீசலை மிச்சம் பிடிக்கச் சொல்லி முதலாளி சொன்னாலும் இரண்டாவதை மீறக் கூடாது.

டிப்பர், டயர், பழைய பெட்டி

டிப்பர் வேண்டுமா என்று கேட்டால், வண்டலும் மணலும் ஏற்றுபவருக்கு வேண்டும். மூட்டை மட்டும் ஏற்றுபவருக்குத் தேவையில்லாத எடை. கரிசலில் டிப்பரைத் தூக்கும்போது தரை மட்டமாக இருப்பது முக்கியம். ஒரு பக்கச் சக்கரம் மெத்தென்ற உழவில் நின்றால், தூக்கிய பெட்டி அந்தப் பக்கமே கவிழும். ஈரக் களி பெட்டியின் முன்மூலையில் ஒட்டிக்கொண்டு கொட்டாமல் நிற்பதும் வழக்கம். அப்போது பெட்டியை மேலே வைத்துக்கொண்டே டிராக்டரைக் குலுக்குவார்கள். வேண்டாம். இறக்கிவிட்டு மண்வெட்டியால் தள்ளுங்கள். தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுக்காமல் யாரும் கை நீட்டக் கூடாது.

டயரில் சிக்கனம் பார்க்கத் தோன்றும். விட்டம் பெரிசான டயர் சேற்றிலும் வெடிப்பிலும் எளிதாக ஏறி இறங்கும். சிறிய டயர் பெட்டியைத் தாழ்வாக்கும், ஏற்ற வசதி, ஆனால் காட்டுக்கு ஆகாது. டயர் பக்கவாட்டில் அச்சிட்ட தாங்கும் எடையைப் படித்துச் சக்கர எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். அதுவே உங்கள் பெட்டியின் உண்மையான வரம்பாக இருக்கலாம்.

பழைய பெட்டி பார்க்கப் போனால் புதுப் பெயின்ட் அடித்ததை நம்பாதீர்கள். ஏர்க்கால் சேஸோடு சேரும் வெல்டிங், ஆக்சில் பட்டைக்கட்டு மாட்டும் இடம், டிப்பர் கீல் ஆகிய மூன்றையும் சுரண்டிப் பாருங்கள். விரிசல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால் அடியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆக்சில் கழித்த லாரியிலிருந்து வந்ததா, புதியதா? சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் பேரிங் கதை சொல்லிவிடும்.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். டிராக்டர் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் பெட்டிக்கும் சேர்த்து என்று நினைப்பது தவறு. பெட்டிக்குத் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ். பதிவில் காலி எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். பட்டறைக்காரர் வாயால் சொல்லும் டன்னுக்கும் இந்த எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் சட்டத்தின் கண்ணில் செல்வது இதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூடுதல், இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரை வாடகைப் போக்குவரத்து வாகனமாகக் கருதவில்லை. அந்தச் சலுகை விவசாயப் பொருளுக்கு. செங்கலும் ஜல்லியும் வாடகைக்கு ஏற்றும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நிம்மதி: டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் பெட்டி மாட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி நம்மவர்கள் கேட்க விரும்பாத விஷயம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கும், பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கும் பெட்டியில் தார்ப்பாய் கட்டி, வைக்கோல் பரப்பி, பொங்கல் பானையோடு குடும்பம் குடும்பமாகப் போவது இந்தப் பக்கம் பழகிப்போன பயணம். மாட்டு வண்டிக் காலத்தின் தொடர்ச்சி அது, சந்தோஷமான பயணமும்கூட. ஆனால் அந்தப் பெட்டி ஆளுக்காகச் செய்யப்பட்டதில்லை. உட்கார்ந்திருக்கும் ஆட்கள் திருப்பத்தில் ஒரே பக்கம் சாய்வார்கள். மூட்டை அப்படிச் சாயாது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப்பிரதேசம் கான்பூர் மாவட்டத்தில் கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பெட்டியில் ஆள் ஏற்றியிருந்தால் இன்சூரன்ஸ் பணமும் பெரும்பாலும் கைக்கு வராது. கோயிலுக்கு வேன் பிடியுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்

பெட்டி உங்களுக்குப் புதிது என்றால் ஓர் அறுவடைக் காலம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களையும், ஊரில் சும்மா நிற்கும் பெட்டிகளையும் முதலில் விசாரியுங்கள். எந்த அளவு நமக்கு வேலைக்கு ஆகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வாங்குவதென்று முடிவானால், உங்கள் டிராக்டரையே பட்டறைக்கு ஓட்டிப் போய் மாட்டி, ஏற்றப்போகும் பாரத்தை ஏற்றி, எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். முழு எடை, டிராக்டரின் முன் சக்கர எடை, பின் சக்கர எடை என மூன்று சீட்டு. பிறகு கோவில்பட்டி இளையரசனேந்தல் சாலை ரயில்வே சுரங்கப்பாதை மாதிரி ஓர் இறக்கமும் ஏற்றமும் சேர்ந்த இடத்துக்கு, கூட்டம் இல்லாத விடிகாலையில் ஓட்டிப் பாருங்கள். இறங்கும்போது பெட்டி முதுகில் தள்ளுகிறதா, ஏறும்போது ஸ்டீயரிங் லேசாகிறதா என்று கவனியுங்கள். அடுத்து ஒரு நேர்ச்சாலையில், தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் மிதியுங்கள். நின்ற இடம் வரை அளந்து பாருங்கள். பதினைந்து மீட்டருக்கு மேல் போனால் பெட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது பிரேக் வைக்கச் சொல்லுங்கள். பின்கதவில் சிவப்பு ரிஃப்ளெக்டரும் பக்கவாட்டில் ஒளிரும் பட்டையும் ஒட்டி, பின்விளக்கு வயர் இழுத்து எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுங்கள். இருட்டில் நாற்கரச் சாலையின் ஓரத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பெட்டி, பின்னால் 100இல் வரும் கார்க்காரருக்கு அந்த ரிஃப்ளெக்டரும் விளக்கும் இருந்தால்தான் கண்ணில் படும்.